மடிக்கத் தெரியுமா உங்களுக்கு?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்ததும் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். செயற்கை நுண்ணறிவு, மின்சாரக் கார், விண்வெளி, சூரிய மின்சக்தி என்று எல்லாமே பெரிய பெரிய விஷயங்கள். "நீ எதைப் பத்திடி எழுதப் போறே?" என்று தோழி கேட்டாள். "பேப்பர் மடிக்கிறதைப் பத்தி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாமல் கடைசிவரை படியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரியில் சேரும்போது கொடுத்த படிவத்தில் 'தாயாரின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அது பொய். என் அம்மா பாரம் மடிப்பவள். எங்கள் ஊர் சிவகாசி. அச்சாகி வந்த தாள் கட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் இல்லாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆயிரம் பாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் உட்கார்ந்து மடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "இந்த வேலை என்னோட போகட்டும் தாயி, நீ படி" என்று சொல்லித்தான் அம்மா என்னை அனுப்பினாள். மடிப்பு வேலையிலிருந்து தப்பிக்கத்தான் நான் பாலிடெக்னிக் வந்தேன்!

தப்பித்தேனா? முதல் செய்முறை வகுப்பிலேயே மாணவர்கள் எல்லோரும் ஆஃப்செட் மெஷினைச் சூழ்ந்துகொண்டார்கள். எட்டிப் பார்க்கக்கூட இடமில்லை. "பொம்பளைப் பிள்ளைங்க பைண்டிங் டேபிளுக்குப் போங்க, அதுதான் உங்களுக்குச் சரியா வரும்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா எதை விட்டு என்னை விலகச் சொன்னாளோ அதே வேலை, அதே தாள், அதே மேசை!

இன்று மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. இப்போது என் கருத்து தலைகீழாக மாறிவிட்டது. பைண்டிங் டேபிளுக்கு எங்களை அனுப்பியது தவறு என்று நான் சொல்லவில்லை. எங்களை மட்டும் அனுப்பியதுதான் தவறு என்கிறேன். ஏன் என்று விளக்குகிறேன்.

பாரம் என்றால் என்ன?

மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்காக இதைச் சொல்லியாக வேண்டும். பாரம் என்றால் சுமை அல்ல. ஒரு பெரிய தாளின் இரு பக்கமும் பல பக்கங்களை அச்சடித்து, அதை மடித்து வருகிற ஒரு சிறு கட்டுதான் பாரம். ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக மடியுங்கள். திருப்பி மறுபடி பாதியாக. இன்னொரு முறை. மூன்று மடிப்பு. இப்போது எட்டு இலை, பதினாறு பக்கம். பிரிக்காமல் ஓரத்தை மட்டும் லேசாக விலக்கி 1 முதல் 16 வரை எண் போடுங்கள். இனி தாளை முழுதாக விரியுங்கள். எண்கள் எல்லாம் சிதறிக் கிடக்கும். சில நேராக, சில தலைகீழாக. 1-க்குப் பக்கத்தில் 16, 4-க்குப் பக்கத்தில் 13. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டிப் பாருங்கள், அதே மடிப்பில் சேர்பவை எல்லாம் 17 வரும். இந்தக் கணக்குக்கு இம்போசிஷன் என்று பெயர். மெஷினில் ஏறும் பிளேட்டு இந்த மடிப்பை மனதில் வைத்துத்தான் தயாராகிறது. அதாவது, மடிப்பு கடைசியில் செய்யும் வேலையாகத் தெரிந்தாலும் முதலில் யோசிக்க வேண்டிய வேலை அதுதான்.

டெமி அளவுப் புத்தகத்துக்கு 18-க்கு 23 அங்குலத் தாளை மூன்று முறை மடித்தால் 5¾-க்கு 9 அங்குலம் வரும். ஓரம் வெட்டிய பிறகு 5½-க்கு 8½. 192 பக்கப் புத்தகம் என்றால் 12 பாரம். அவற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு பாரத்தின் நடு மடிப்பிலும் நூல் ஓட்டி, அடுத்த பாரத்தோடு முடிச்சுப் போட்டுத் தைத்தால் அது தையல் பைண்டிங். அப்படித் தைத்த புத்தகம் மேசைமேல் விரித்தால் விரித்தபடி கிடக்கும். ஒரு தாள் தனியாகக் கழன்று வராது, ஏனென்றால் அங்கே தனித்தாள் என்பதே கிடையாது. ஒவ்வொரு இலையும் இன்னொரு இலையோடு மடிப்பில் பிறந்தது.

இதற்கு நேர்மாறானது பெர்ஃபெக்ட் பைண்டிங். பாரங்களின் முதுகை, அதாவது அந்த மடிப்பையே, மில்லிங் கத்தியால் சீவிவிட்டு, 170 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிய பசையைத் தடவி அட்டையை ஒட்டுவார்கள். வேகமான முறை, மலிவான முறை. கைடு, வினா வங்கி போன்றவற்றுக்கு அது போதும், நான் குறை சொல்லவில்லை. பி.யு.ஆர். என்ற பசை இன்னும் உறுதியாகப் பிடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் நம் டேட்டா புக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு செமஸ்டரில் எத்தனை தடவை திறக்கிறோம்? எத்தனை பேர் அதை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போகிறோம்? வேண்டிய டேபிள் இருக்கிற தாள் மட்டும் எங்கோ பஸ்ஸில் விழுந்திருக்கும்! நூறு தடவை திறக்கிற புத்தகத்துக்கு மடிப்பும் தையலும்தான் ஆயுசு.

அம்மா கற்றுக்கொடுத்த பொறியியல்

இரண்டாம் ஆண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எங்கள் லேப் குறிப்புகளைத் தொகுத்து 96 பக்கப் புத்தகமாக 40 பிரதி போட்டோம். டிஜிட்டல் பிரஸ்ஸில் 12-க்கு 18 அங்குலத் தாளில் அச்சு. இரண்டு மடிப்பில் 8 பக்கம் வரும். அப்படி மடித்த ஒன்றுக்குள் இன்னொன்றைச் செருகினால் 16 பக்கப் பாரம். வெளித்தாளில் 1 முதல் 4 வரையும் 13 முதல் 16 வரையும், உள்தாளில் 5 முதல் 12 வரையும். கணக்கெல்லாம் பக்காவாகப் போட்டோம். மாதிரிக்குப் பத்துத் தாள் அடித்து வாங்கி எங்கள் வீட்டுத் திண்ணையில் மடிக்க உட்கார்ந்தோம். மடித்தது எழுந்து எழுந்து நின்றது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் வாயைப் பிளந்தது.

அம்மா ஒரு தாளை எடுத்து இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை வளைத்துப் பார்த்தாள். "இந்தப் பேப்பர் இந்தப் பக்கமாப் படுக்காது தாயி. அந்தப் பக்கமாத்தான் படுக்கும். கடைக்காரன்கிட்ட மாத்தி வெட்டினது கேளு" என்றாள்.

இதைத்தான் எங்கள் பாடத்தில் கிரெய்ன் டைரக்‌ஷன் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்துத் தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்! காகிதம் மெஷினில் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் மெஷின் ஓடும் திசையிலேயே படுக்கின்றன. மரத்துக்கு ரேகை மாதிரி. அந்தத் திசையில் மடித்தால் சுத்தமாக மடியும். குறுக்கே மடித்தால் நார் முறியும், மடிப்பு எதிர்க்கும். அதோடு ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, அகலத்தில்தான் ஊதும். ஆகவே நார் முதுகுக்குக் குறுக்கே ஓடினால் மழைக்காலத்தில் புத்தகம் முதுகுப் பக்கம் நெளிநெளியாகிவிடும். விதி ஒன்றுதான்: புத்தகத்தின் முதுகும் நாரும் ஒரே திசையில் ஓட வேண்டும். 12-க்கு 18 தாளை இரண்டாக மடித்து மறுபடி மடித்தால் முதுகு வருவது 18 அங்குலப் பக்கத்தின் திசையில். எங்களுக்குக் கிடைத்த தாளில் நார் 12 அங்குலத் திசையில் ஓடியது. அவ்வளவுதான் கோளாறு.

ஜெராக்ஸ் கடை ஏ4 தாளில் ஏ5 புத்தகம் தைக்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சாதாரண ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடும். அதை ஒரே மடிப்பாக மடித்தால் முதுகு நாருக்குக் குறுக்கே போய்விடும். அதே ஏ5 புத்தகத்தை நீளவாக்கு நாருள்ள ஏ3 தாளில் அடித்து இரண்டு மடிப்பு போட்டால் நார் சரியாக முதுகோடு ஓடும். ஒரு மடிப்பு கூடினால் புத்தகமே மாறிவிடுகிறது பாருங்கள்!

தாளை மாற்றி வாங்கினோம். அடுத்தது மடிக்கும் முறை. எங்கள் குழுவில் ஒரு வீரர் இருந்தார், ஆஃப்செட் மெஷினில் கை வைத்தால் இறங்காதவர். "இதுல என்ன இருக்கு, ஓரத்தோட ஓரம் வெச்சா முடிஞ்சது" என்று மடித்துத் தள்ளினார். முதல் மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் விலகல். அடுத்த மடிப்பில் அது இன்னும் விலகி, பாரத்தைச் செருகிப் பார்த்தால் பக்கமெல்லாம் சாய்ந்து நடக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சின்னச் சின்னப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் என்ன ஆகும் என்று. அம்மா ஓரத்தைப் பார்ப்பதே இல்லை. தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, பக்க எண்மேல் பக்க எண் உட்காருகிறதா என்று பார்த்துத்தான் மடிப்பாள். "ஓரம் வெட்டுறவன் வெட்டினது. எழுத்துதான் படிக்கிறவன் பாக்கிறது" என்பாள்.

மடிப்பைத் தேய்க்க அவள் வைத்திருப்பது தேய்ந்துபோன எவர்சில்வர் கரண்டியின் காம்பு. நடுவிலிருந்து ஒரு பக்கம், பிறகு நடுவிலிருந்து மறுபக்கம், அவ்வளவே. ஓரத்திலிருந்து இழுத்தால் தாள் நகர்ந்துவிடும். தாள் கனமாக இருந்தால் கடைசி மடிப்புக்கு முன்னால் தலைப்பக்க மடிப்பைப் பாதிக்குச் சற்று மேலே மொக்கைக் கத்தியால் கிழித்துவிடுவாள். உள்ளே அடைபட்ட காற்று அதன் வழியாகப் போய்விடும். கிழிக்காவிட்டால் தலைப்பக்க மூலையில் உள்தாள் சுருங்கி மடிப்புக்குள் மடிப்பு விழும். ஃபோல்டிங் மெஷினில் பெர்ஃபரேஷன் சக்கரம் செய்கிற வேலை இதுதான்.

ஒரு பாரத்துக்கு எத்தனை பக்கம் என்பதும் இஷ்டத்துக்கு முடிவு செய்வதல்ல. பக்கம் அதிகமானால் உள்ளே இருக்கும் இலைகள் வெளியே நீட்டிக்கொள்ளும்; ஓரம் வெட்டும்போது அந்தப் பக்கங்களின் மார்ஜின் குறையும். பக்கம் குறைந்தால் பாரம் அதிகமாகும், நூல் அதிகமாகும், முதுகு ஊதிப் போகும். 60, 70 ஜி.எஸ்.எம். தாளுக்குப் பதினாறு பக்கம் சுகமாக வரும். தடித்த தாளுக்கு எட்டுப் பக்கம். இதெல்லாம் பொறியியல் இல்லை என்றால் பிறகு எது பொறியியல்?

ஒன்றுக்கு அடுத்து ஆறு

என் மனதை மாற்றிய சம்பவத்தை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது நடந்தது. ஒரு பிரஸ்ஸிலிருந்து ஒரு பாரம் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எண் மட்டும் தெரியும். ஒரு கட்டை மடித்து முடித்து, அடுத்ததைப் பிரிக்கும் முன் ஒரு பாரத்தை விரலால் தள்ளிப் பார்த்தவள் நின்றுவிட்டாள். "ஏ தாயி, இங்க வா. ஒண்ணுக்கு அடுத்தாப்புல ஆறு வருது."

வாங்கிப் பார்த்தேன். தாளின் பின்பக்கம் திருப்பி வைக்கப்பட்டு அச்சாகியிருந்தது. எழுத்தெல்லாம் நேராகத்தான் நிற்கிறது, மடிப்பும் சரியாகத்தான் விழுகிறது. ஆனால் 1-இன் முதுகில் 2-க்குப் பதில் 6. 4-இன் முதுகில் 3-க்குப் பதில் 7. படித்த கண்கள் பல அதைத் தாண்டி வந்திருக்கின்றன. படிக்காத ஒரு கண்தான் பிடித்தது. அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு ஆள் அனுப்பினாள். அந்த ஒரு பாரத்தை மட்டும் மறுபடி அச்சடித்தார்கள். தைத்து அட்டை போட்ட பிறகு தெரிந்திருந்தால் அத்தனை புத்தகமும் எடைக்குத்தான் போயிருக்கும்.

கணக்குத் தீர்க்கும் நாளில் என்ன ஆனது தெரியுமா? அந்தக் கட்டை மடித்ததற்குக் கூலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "வீணாப் போன பாரத்துக்கு எப்படிம்மா கூலி கொடுக்கிறது?" என்றார் சூப்பர்வைசர். அம்மா ஒன்றும் பேசவில்லை, புடவைத் தலைப்பில் காசை முடிந்துகொண்டு வந்துவிட்டாள். பக்கத்தில் நின்றிருந்த நானும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அந்த சூப்பர்வைசர் கெட்டவர் அல்ல. அவரும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர். மடிப்பு என்பது கை செய்கிற வேலை, மூளை செய்கிற வேலை இல்லை என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அல்லது எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய புத்தகம் 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. மொத்தம் 16 பக்கம். இன்றைய கணக்கில் ஒரே ஒரு பாரம்! அதைத் தமிழில் தந்த அண்டிரிக்கு அடிகளாரின் பெயரைப் படித்திருக்கிறோம். அதை மடித்த கை யாருடையது என்று நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

"மெஷின் இருக்கே!" என்பவர்களுக்கு

"ஃபோல்டிங் மெஷின் இருக்கும்போது கையால் மடிக்கக் கற்பது எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பக்கிள் மெஷினில் தாள் ஓடிப்போய்த் தடுப்பில் முட்டி வளைய, அந்த வளைவை உருளைகள் கவ்வி மடிக்கும். நைஃப் மெஷினில் ஒரு தகடு தாளை உருளைகளுக்கு நடுவே தள்ளும். பத்தாயிரம் பிரதிக்கு அதுதான் சரி. சந்தேகமே இல்லை.

ஆனால் இன்று காலம் வேறு திசையிலும் போகிறது. பிளேட்டு இல்லாமல் அச்சடிக்கும் டிஜிட்டல் பிரஸ் வந்த பிறகு 50, 100, 300 பிரதி போடுவது சாத்தியமாகிவிட்டது. ஊர் வரலாறு, ஒரு தாத்தாவின் வைத்தியக் குறிப்பு, சின்னப் பதிப்பகத்தின் கவிதைத் தொகுப்பு எல்லாம் இப்படித்தான் வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை தனித்தாளாக வெட்டிப் பசை போட்டு வருகின்றன. ஏனென்றால் மடித்துத் தைக்க ஆள் இல்லை. சின்ன பைண்டரிடம் மெஷின் கிடையாது. பெரிய இடத்தில் சின்ன ஆர்டர் கடைசியில்தான் கிடக்கும்.

நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அம்மா ஒரு மணி நேரத்தில் மூன்று மடிப்புப் பாரம் 300 மடித்தாள். நான் 140. நம் வீரர் 60, அதிலும் பாதி கோணல். 192 பக்கப் புத்தகம் 300 பிரதி என்றால் 3,600 பாரம். அம்மாவைப் போல இரண்டு பேர் காலையில் உட்கார்ந்தால் ஆறு மணி நேரம், சாயங்கால டீக்குள் முடிந்துவிடும். இந்த வேலையைச் சரியாகச் செய்யவும், சரியாக மேற்பார்க்கவும், சரியாக விலை போடவும் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு தொழில் காத்திருக்கிறது. மெஷின் ஓட்டப் போகிறவருக்கும் இது வேண்டும். எந்த மடிப்பு ஏன் கெடுகிறது என்று கையால் அறியாதவர் மெஷினின் எந்த ஸ்க்ரூவைத் திருகுவார்?

நான் கேட்பது

ஆகவே மாணவர் மன்றத்தின் வழியாக மூன்று விஷயங்களைக் கேட்கிறேன்.

ஒன்று, எங்கள் துறையில் மடிப்பும் தையலும் மாணவன், மாணவி பேதமில்லாமல் எல்லோருக்கும் முழுப் பயிற்சியாக நடக்க வேண்டும். அதேபோல் ஆஃப்செட் மெஷினில் மாணவிகளுக்கும் சமமாக நேரம் கிடைக்க வேண்டும். இதைச் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இரண்டு, நம் ஆண்டு மலரின் நூலகப் பிரதிகளையாவது நாமே மடித்துத் தைப்போம். சென்ற வருட மலரை நூலகத்தில் போய்ப் பாருங்கள், முதுகு விட்டுப்போய்க் கிடக்கிறது. கையில் இருக்கும் இந்த மலர் எப்படி பைண்ட் ஆகி வரும் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது. பாதியில் இந்தத் தாள் கழன்று விழுந்தால் என் கருத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்!

மூன்று, இது கல்லூரியிடம் அல்ல, உங்களிடம் கேட்பது. இன்னும் சில வருடத்தில் நாம்தான் சூப்பர்வைசர், நாம்தான் கூலிக் கணக்கு எழுதப் போகிறவர்கள். நீங்கள் எந்தத் துறையில் போனாலும் உங்களுக்குக் கீழே என் அம்மாவைப் போல ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு தப்பைக் காட்டினால் அவருடைய கூலியை வெட்டாதீர்கள். முடிந்தால் ஒரு நன்றி சொல்லுங்கள்.

என்னைப் பொறுத்தவரை ஒரு கடன் பாக்கி இருக்கிறது. படிப்பு முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதே கேள்வி மறுபடி வரும். இந்த முறை தாயாரின் தொழில் 'பாரம் மடித்தல்' என்று எழுதுவேன். அம்மாவிடம் சொன்னேன். "அதையெல்லாம் எதுக்கு எழுதுறே?" என்று வெட்கப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல எழுத்தா எழுது" என்றாள்.

— மூன்றாம் ஆண்டு மாணவி,
அச்சுத் தொழில்நுட்பத் துறை